வாவிக்கரையின் உண்கலங்கள்

உணவைப்பற்றிப் பேசுவோர் பலர். உணவு வந்து அமரும் கலத்தைப்பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். சோறு பதமா, கறிக்கு உப்புச் சரியா என்று ஆராயும் நாம், அந்தச் சோறும் கறியும் எதில் ஏறி நம் முன் வந்தன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், மறைந்துபோன ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வை அறிய முற்படும் தொல்பொருள் ஆய்வாளர் மண்ணைக் கிளறும்போது முதலில் தேடுவது ஓட்டாஞ்சில்லையே. அரசன் மாளிகை மண்ணோடு மண்ணாகிவிடும். ஏழை வீட்டில் உடைந்த சட்டி ஈராயிரம் ஆண்டு சென்ற பின்னும் தன் கதையைச் சொல்லும்.

இக்காலப் பெருநகர்களின் உயர்ந்த உணவுச்சாலைகளில் ஒரு புதிய வழக்கம் பரவியிருக்கிறது. சமையற்கலைஞர் தாமே உண்கலத்தையும் வகுத்தமைக்கிறார். சலவைக்கல்லில் தட்டும் கிண்ணமும் கடையச் செய்து, இன்ன உணவு இன்ன கல்லில் இன்ன இடத்தில் வைக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறார். ஸ்பெயின் நாட்டுக் கற்றலோனியாவிலே, 2011 வரை நடைபெற்ற எல் புல்லி என்ற புகழ்பெற்ற உணவுச்சாலையில், பெரான் அட்ரியா என்ற சமையற்கலைஞர் லூக்கி ஹூபர் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து தம் உணவுக்கென்றே புதிய பரிமாறு கருவிகளைச் செய்வித்தார். இதனைக் கேட்போர், சமைப்பவர் கலத்தையும் படைப்பது இந்த நூற்றாண்டின் புதுமை என்று கருதக்கூடும். அது புதுமைதானா? மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள அடுக்களைகள் இவ்வினாவுக்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. அவ்விடையைத் தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் சலவைக்கல்லின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். கல்லிலே உண்கலம் கடைவது மிகப் பழைய தொழில். கிரேக்க நாட்டுக்கு உரிய சைக்கிளாடிஸ் தீவுகளில், இற்றைக்கு ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்னரே, வெண்சலவைக்கல்லில் கிண்ணங்களும் குவளைகளும் கடைந்தார்கள். எகிப்திலே, ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிட்டின் அடியில் உள்ள சுரங்க அறைகளிலிருந்து ஏறக்குறைய 40,000 கற்கலங்கள் வெளிவந்தன. அவை இறந்த மன்னனுக்காக அடுக்கி வைக்கப்பட்டவை. இந்தியாவிலே, இராஜஸ்தானத்து மக்ரானாச் சலவைக்கல் 1632 அளவில் தொடங்கிய தாஜ்மகாலின் பணிக்குச் சென்றது. அந்த மரபில் வந்த ஆக்ராக் கைவினைஞர் வண்ணக் கற்களைப் பதித்துச் செய்யும் சலவைக்கல் தட்டுகள் இன்றும் உலகெங்கும் செல்கின்றன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை சுவரில் சாய்த்து வைத்து நோக்கப்படுவனவேயன்றிச் சோறு இட்டு உண்ணப்படுவன அல்ல.

தமிழர் இக்கல்லை அறியாதவர் அல்லர். சலவைக்கல்லைப் பளிங்கு என்றும் இன்று வழங்குகிறோம். ஆனால் பழைய நூல்களில் பளிங்கு என்ற சொல் தெளிந்த படிகத்தைக் குறித்தது. மணிமேகலை மறைந்து நின்ற பளிக்கறை அத்தகையதே. கலம் என்ற சொல்லின் விரிவோ வியப்புக்குரியது. உண்ணும் பாத்திரமும் கலம்; கடலில் செல்லும் மரக்கலமும் கலம்; அணியும் அணிகலனும் கலமே. வயிற்றுக்கும் வாணிகத்துக்கும் அழகுக்கும் ஒரே சொல்லை வைத்த மக்கள் உண்கலத்தை அற்பமாகக் கருதியிருக்க மாட்டார்கள். சமைப்பவனுக்கும் அவ்வாறே சிறப்பிருந்தது. மடை என்பது உணவு. மடைப்பள்ளி என்பது கோயிலின் சமையலறை. மடையன் என்பவன் சமைப்பவன். சிறுபாணாற்றுப்படை வீமனுடைய சமையல் நூலைக் குறிப்பிட்டு, அந்நெறி வழுவாது ஆக்கிய உணவைப் பொற்கலத்தில் இட்டு மன்னன் உபசரித்ததைச் சொல்கிறது. அதே ஒலியுடைய மடையன் என்ற சொல் இன்று வசைமொழியாக மட்டும் வழங்குகிறது. சமைப்பவரின் அறிவை நாம் எவ்வளவு மறந்துவிட்டோம் என்பதை எண்ணுவதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். வங்கக் கடலை ஒட்டி, வடக்குத் தெற்காக ஏறக்குறைய 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது அந்த வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடும் குளமுமாக விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம் மீனும் தென்னையும் தந்தது; ஞாயிறு படும் பக்கம் நெல்லும் பாலும் தேனும் தந்தது. இவ்விரண்டும் ஒரே கலத்தில் சந்தித்தபோது பிறந்ததே மட்டக்களப்பு உணவு. மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் வேடிக்கையாகவும் சிறிது அச்சத்தோடும் சொல்வதுண்டு. மந்திரமும் மருந்தும் என்று அவர்கள் எண்ணியது, பெரும்பாலும் அந்நாட்டு விருந்தோம்பலேயாகும்.

அந்நாட்டில் சலவைக்கல் உண்டா? இல்லை. இலங்கையின் நிலவியல் இதற்குக் காரணம் கூறுகிறது. தீவின் நடுவே உள்ள உயர்நிலப் பாறைத் தொகுதியிலேதான் மாத்தளை, கண்டி, பதுளை முதலிய இடங்களில் சலவைக்கல் படுகைகள் அமைந்திருக்கின்றன. கிழக்கிலே கிடப்பது விஜயன் தொகுதி எனப்படும் வேறு பாறைத்தொகுதி. அது கருங்கல் இனத்தைச் சேர்ந்த கடும்பாறை. குடும்பிமலை போன்ற குன்றுகள் அதன் எழுச்சிகளே. ஆகவே வாவிக்கரை மக்களுக்கு வாய்த்த கல் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் திரிகைக்கும் உரலுக்கும் உரிய கல்; தட்டுக்கும் கிண்ணத்துக்கும் உரிய கல் அன்று. கல் அங்கே உணவை அரைத்தது, இடித்தது, மாவாக்கியது, உணவைத் தாங்கவில்லை.

கல்லும் உணவும் அந்நாட்டு மக்களின் மனத்தில் வேறொரு வகையாகவும் இணைந்திருக்கின்றன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலை இடிக்க அந்நியர் வந்தபோது, கோயில் முன் இருந்த கல் நந்தி எழுந்து புல்லை உண்டு சாணமிட்டது என்பது அவ்வூர் ஐதிகம். உண்ணுதல் என்ற செயலே உயிருக்குச் சான்று என்பதை இக்கதை உணர்த்துகிறது. கல்லும் உண்டது என்று சொல்லும் மக்கள், உண்ணும் செயலை எவ்வளவு உயர்வாக மதித்திருக்க வேண்டும்!

சலவைக்கல் வாய்த்திருந்தாலும் மட்டக்களப்புச் சமையல் அதனை ஏற்றிருக்குமா? இங்கேதான் சமைப்பவரின் அறிவு வந்து நிற்கிறது. சலவைக்கல்லின் மூலப்பொருள் கல்சியம் காபனேற்று. புளிப்பு அதற்குப் பகை. எலுமிச்சஞ் சாறோ, புளிக்கரைசலோ, தயிரோ சற்று நேரம் அதன்மேல் கிடந்தால், அமிலம் கல்லை அரித்து வளிக்குமிழிகளை எழுப்பும். பளபளப்பு மங்கி வெண்தழும்பு உண்டாகும். மஞ்சளும் எண்ணெயும் அதன் நுண்துளைகளிற் புகுந்து கறையாகும். மேனாட்டு இனிப்புப் பண்டக் கலைஞர் சலவைக்கல்லை விரும்புவதற்கு வேறு காரணம் உண்டு. அக்கல் குளிர்ச்சியை விரைவில் இழப்பதில்லை. வெண்ணெய் கலந்த மாவும் சொக்கலேற்றும் அதன்மேல் உருகாமல் நிற்கும். குளிர்ந்த பண்டத்துக்கு ஏற்ற கல் அது. புளியாணத்துக்கும் மீன்கறிக்கும் அது ஏற்றதன்று.

இதே காரணத்தால்தான் தமிழகத்து அடுக்களையில் வேறொரு கல் இடம்பெற்றது. சேலம், கும்பகோணம் முதலிய இடங்களில் விற்கப்படும் கற்சட்டி மாக்கல்லால் ஆனது. மாக்கல் நகத்தால் கீறத்தக்க மென்மை உடையது, கடைவதற்கு எளிது. ஆயினும் அதன் மூலப்பொருள் மக்னீசியம் சிலிக்கேற்று. புளி அதனைத் தீண்டாது. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் நெடுநேரம் சூடு தங்கும். புதுச் சட்டியைக் கஞ்சித்தண்ணீராலும் எண்ணெய் மஞ்சளாலும் பல நாள் பழக்கிய பின்னரே அடுப்பில் ஏற்றுவார்கள். இவ்விரு கற்களுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த இரசாயனப் புத்தகமும் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கற்பிக்கவில்லை. குழம்பு கற்பித்தது.

மட்டக்களப்பிலே அந்த இடத்தை வகித்தது மண். குளக்களியை எடுத்து, நுண்மணல் கலந்து, மிதித்துப் பதப்படுத்தி, சக்கரத்தில் எழுப்பி, பலகையால் தட்டி விரித்து, உலர்த்திச் சூளையில் இட்டால் சட்டி பிறக்கும். அடிப்பகுதி உருண்டிருப்பது அழகுக்காக அன்று. உருண்ட அடியில் நெருப்பு ஒரே சீராகப் பரவும். மூலை இருந்தால் அங்கே வெடிக்கும். உருண்ட சட்டி தரையில் நிற்பதற்காகவே புரிமணை வந்தது. மண்ணுக்கும் புளிக்கும் பகை இல்லை. ஆதலால் மீனும் இறாலும் நண்டும் கொறக்காப் புளியோடு மண்சட்டியில் கொதித்தன. மறுநாட் காலையில் அந்தச் சட்டியில் மிஞ்சிய கறியின் சுவையை அறியாத மட்டக்களப்பார் இல்லை.

இந்த மண்தொழில் எவ்வளவு பழையது? வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்காலத்துக் கல்லறைகள் கண்டறியப்பட்டுள்ளன. பெருங்கற்காலப் பண்பாட்டின் அடையாளமாக ஆய்வாளர் கொள்வது கறுப்பு-சிவப்பு மட்கலம். புறம் சிவந்து, உள்ளும் வாயும் கறுத்திருக்கும் கலம் அது. தமிழகத்து ஆதிச்சநல்லூரிலும், இலங்கையின் வடமேற்கே பொம்பரிப்பிலும் தாழிகளுக்குள் இறந்தோரை வைத்தனர். உண்ட கலமும் உடலைத் தாங்கிய கலமும் ஒரே மண்ணால் ஆனவை. கதிரவெளியிலோ, கல் இறந்தோருக்கு வீடாயிற்று. வாழ்வோருக்கு மண், இறந்தோருக்குக் கல் என்ற பாகுபாட்டை அங்கே ஒருவர் காணக்கூடும்.

மட்டக்களப்பின் மண்கலங்களுள் தலையாயது தயிர்ச்சட்டி. சமைப்பவரே கலத்தை வகுக்கிறார் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. எருமைப்பால் கொழுப்பு மிகுந்தது. நூற்றுக்கு 7 பங்கு அளவில் கொழுப்பு உண்டு. காய்ச்சி, இளஞ்சூட்டில் உறையிட்டு, அகன்ற வாயும் தாழ்ந்த ஆழமும் உடைய சட்டியில் ஊற்றி வைப்பார்கள். மெருகிடாத மண் பாலின் நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். உறிஞ்சிய நீர் புறத்தே ஆவியாகும். ஆவியாகுங்கால் சட்டி குளிரும். இதனால் தயிர் இறுகும், விரைவில் புளிக்காது. சட்டியைச் சாய்த்தாலும் தயிர் வழியாது. அகன்ற வாயில் ஆடை படரும். தயிர் உறையும் கலமும், சந்தைக்குப் போகும் கலமும், விருந்தினர் முன் வைக்கப்படும் கலமும் ஒன்றே. உறியில் அடுக்கிக் காவுதடியில் சுமக்கத்தக்க பருமனும் வடிவும் உடையது அது. பால்காரரின் தேவையைக் கேட்டுக் குயவர் வனைந்தார். குயவரின் மண்ணை அறிந்து பால்காரர் உறையிட்டார். இருவருடைய பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அந்தச் சட்டி ஒரு முழுமையான வடிவமைப்பு. இன்றைய பெருநகர் உணவுச்சாலை தேடும் பொருத்தம் அதில் எப்போதோ கைகூடிவிட்டது.

சலவைக்கல் வாவிக்கரைக்கு முற்றிலும் அயலானது என்றும் சொல்வதற்கில்லை. கல்குடா, பாசிக்குடாப் பக்கத்துக் கடலில் வளரும் பவளப்பாறையும், வாவியிலும் கடலிலும் கிடைக்கும் சிப்பியும் சங்கும் சலவைக்கல்லின் உடன்பிறப்புகள். மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே. இவற்றைச் சூளையிலிட்டுச் சுட்டால் நீறு கிடைக்கும். நீர் தெளித்தால் சுண்ணாம்பு. அது சுவருக்குப் பூச்சாகவும் வெற்றிலைக்குத் துணையாகவும் ஆயிற்று. ஆகவே பிறர் சலவைக்கல்லின்மேல் உணவு வைத்தார்கள். மட்டக்களப்பார் அதன் உடன்பிறப்பைச் சுட்டு வெற்றிலையில் தடவி உண்டே விட்டார்கள்! சுண்ணாம்பை வைப்பதற்குக் கரண்டகம் என்ற சிறு உலோகச் செப்பு இருந்தது. பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் கரை அரிக்கப்பட்டது என்பதும் வரலாறே. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தமும் அவ்வகழ்வைத் தடுத்தன.

வெற்றிலையைச் சொல்லும்போது வட்டாவைச் சொல்லாமல் விட முடியாது. காலின்மேல் நிற்கும் வட்டமான பித்தளைத் தட்டு வட்டா. விருந்தினர் வந்தால் முதலில் வருவது அதுவே. தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் அதற்கு ஒரே பெயர், ஒரே மரியாதை. பக்கத்தில் படிக்கம் இருக்கும். இவ்வுலோகக் கலங்கள் யாருக்கு உரியவை என்பது அந்நாட்டுச் சமூக வரலாற்றின் முக்கியமான வினா. மட்டக்களப்பிலே குடி என்பது தாய்வழியாக வருவது. மணமான பின் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான்; வீடு பெண்ணுக்குச் சீதனமாகும். தாய்வழியில் சொத்துச் செல்லும் முக்குவச் சட்டத்தைப்பற்றி 1876இல் கிறித்தோபர் பிரிட்டோ ஒரு நூல் வெளியிட்டார். வீடு பெண்ணுக்கு என்றால் வீட்டின் அடுக்களையும் அடுக்களையின் அண்டாவும் கிடாரமும் செம்பும் வட்டாவும் அவள் கைக்கு வருவன. மண்சட்டி உடையும், பித்தளை தலைமுறை தாண்டும். ஆனால் பித்தளைக்கும் புளிக்கும் ஆகாது. களிம்பு ஏறி உணவு நஞ்சாகும். அதனால் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். பூச்சுத் தேய்ந்ததைக் கண்டுபிடித்து, இதில் இனிப் புளி ஆகாது என்று கட்டளையிட்டவளும் அந்த வீட்டுப் பெண்ணே. எந்த உணவு எந்தக் கலத்துக்கு என்ற நூலை அவள் மனத்தில் வைத்திருந்தாள். மகளுக்கு வாயால் ஓதினாள்.

கடல் வழியாக வந்த கலங்களும் உண்டு. பீங்கான் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்ததென அகராதிகள் காட்டுகின்றன; சிங்களத்திலும் அதே சொல் உணவுத் தட்டைக் குறிக்கிறது. மாந்தைத் துறைமுகத்து அகழ்வுகளில் சீன நாட்டு மட்கலங்களின் துண்டுகள் கிடைத்தன. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்புக் கரையில் இறங்கினான். 1628இல் போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டைக்குள்ளே மேசையும் கோட்டைக்கு வெளியே பாயும் ஒருங்கே இருந்த காலம் அது. மேசை வந்தால் தட்டையான அடியுள்ள தட்டு வேண்டும். பாயில் அமர்ந்தால் இலையே போதும்.

இலையும் ஒரு கலமே. வாழையிலையும் குளத்துத் தாமரையிலையும் ஒருவர் உண்ட பின் மற்றொருவரைச் சேர்வதில்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களிடையே வழங்கும் சஹன் இதற்கு நேர்மாறானது. சஹன் என்ற அரபுச் சொல்லுக்குத் தட்டு என்பதே பொருள். அகன்ற ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து, அவரவர் பக்கத்தில் உள்ளதை அவரவர் உண்பர். செல்வரும் வறியவரும் ஒரே தட்டில் கை வைக்கும் வழக்கம் அது. ஒரு கலம் ஒருவருக்கே என்ற முறையும், ஒரு கலம் பலருக்கு என்ற முறையும் ஒரே வாவிக்கரையில் அடுத்தடுத்து வாழ்ந்தன.

நேயர்களே, இவ்விடத்தில் கசப்பான ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். கலம் மனிதரைச் சேர்த்தது போலவே பிரித்தும் இருக்கிறது. சாதி வேற்றுமை வேரூன்றிய இடங்களில், ஒருவனுக்குப் பித்தளைக் குவளை, மற்றொருவனுக்குச் சிரட்டை என்று வகுத்தார்கள். தமிழகத்திலே இரட்டைக் குவளை முறை என்ற பெயரால் அது இகழப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இலங்கையில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னரும் வடபகுதித் தேநீர்க் கடைகள் சிலவற்றில் குவளை பிரிந்தே இருந்தது. 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் கேட்டது பெரிய பொருள் அன்று. எல்லோரும் அருந்தும் குவளையில் நாங்களும் அருந்த வேண்டும் என்பதே. மட்டக்களப்பிலும் சாதி தன் அளவில் இருந்தது. பழைய கலங்களைப் போற்றும்போது, அவற்றைக் கொண்டு வரையப்பட்ட கோடுகளையும் சேர்த்துப் போற்றிவிடக் கூடாது. சிரட்டை இழிவானது அன்று. சிரட்டையில் செய்த அகப்பை எல்லார் வீட்டுச் சோற்றையும் அள்ளியது. இழிவு, அதனை ஒருவனுக்கு மட்டும் ஒதுக்கிய மனத்தில் இருந்தது.

தமிழ் இலக்கியத்தின் மிக உயர்ந்த கலம் பொன்னால் ஆனதாகச் சொல்லப்படவில்லை என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் வைகாசித் திங்கள் முழுமதி நாளில் தோன்றிய அமுதசுரபி ஒரு பிச்சைப் பாத்திரம். அதன் பெருமை அது எப்பொருளால் ஆனது என்பதில் இல்லை. யாருக்கும் இல்லையென்னாது ஈந்ததில் இருக்கிறது. அதே வைகாசித் திங்களில் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்க் கண்ணகையம்மன் கோயில்களில் சடங்கும் குளிர்த்தியும் நிகழும். அப்போது பொங்கல் பொங்குவது மண்பானையிலேதான்.

மாற்றம் எப்போது வந்தது? 1886இல் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் அல்பிரட் சாற்றர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். இலேசானது, உடையாதது, ஈயம் பூச வேண்டாதது என்பதால் அது தமிழர் அடுக்களையை விரைவில் கைப்பற்றியது. புளி அதனையும் அரிக்கும் என்பதைப் பலர் பிறகே உணர்ந்தனர். அதன் பின் எவர்சில்வரும், அதற்குப் பின் நெகிழியும் வந்தன. போர்க்காலம் மட்டக்களப்பு மக்களைப் பலமுறை வீடு விட்டு ஓடச்செய்தது. ஓடுபவர் மண்சட்டியைச் சுமப்பதில்லை. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய கரையோர ஊர்களை வாரிச் சென்றது. உயிர்களை இழந்து நின்ற மக்கள் சட்டிபானைக்காக அழவில்லை, அழுதிருக்கவும் முடியாது. ஆனால் அந்த அடுக்களைகளோடு, எந்தக் கறி எந்தக் கலத்தில் என்ற வாய்மொழி அறிவும் பலவிடத்தில் சேர்ந்து போயிற்று. நிவாரணமாக வந்த புதுப் பாத்திரங்களில் சமைக்கலாம். ஆனால் தாய் சொல்லித்தந்த பதம் அவற்றோடு சேர்ந்து வருவதில்லை.

இந்த அறிவைக் காப்பதற்கு முன்னோர் சிலர் வழிகாட்டியுள்ளனர். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலை வெளியிட்டார். நாட்டின் பழமரபும் வழக்கமும் அவற்றில் இடம்பெற்றன. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழின் வடிவத்தைப் பழஞ்சொற்களிலிருந்து மீட்டு 1947இல் யாழ்நூலாகத் தந்தார். யாழுக்குக் கிடைத்த அத்தகைய உழைப்பு அடுக்களைக் கலங்களுக்கும் கிடைக்கத் தகும். ஒரு சட்டியின் பெயர், அளவு, வாயின் அகலம், அதில் ஆக்கிய உணவு, அதனை ஆளும் முறை ஆகியவற்றை மூத்த பெண்களிடம் கேட்டு எழுதி வைத்தால், அது அந்நாட்டின் உண்மையான மடைநூலாகும்.

சுருங்கச் சொன்னால், சமைப்பவர் கலத்தைப் படைக்கும் வழக்கம் புதுமை அன்று. சலவைக்கல் தட்டுக்குத் தம் பெயரைச் சூட்டும் பெருநகர்க் கலைஞர் மிகப் பழைய ஓர் உறவையே புதிதாகக் கண்டிருக்கிறார். வேறுபாடு ஒன்றுதான். அவர் தம் பெயரைத் தட்டின் அடியில் பொறிக்கிறார். வாவிக்கரைப் பெண்ணும் குயவரும் பால்காரரும் பெயர் பொறிக்கவில்லை. அவர் கண்ணுக்கு இனிய கல்லைத் தேர்கிறார். அவர்கள் உணவுக்கு இனிய பொருளைத் தேர்ந்தார்கள். உணவின் இயல்பை அறிந்து கலம் அமைப்பதே முதல் விதி என்றால், அந்த விதியைச் சலவைக்கல் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. தயிர்ச்சட்டி என்றோ கற்றுவிட்டது.

இன்றும் மட்டக்களப்புத் தயிர் மண்சட்டியில் விற்கப்படுகிறது. நெகிழிக் கிண்ணத்திலும் விற்கப்படுகிறது. கிண்ணம் இலேசு, மலிவு, வீசி எறிய எளிது. சட்டிக்குச் சிறிது காசு கூடும். அந்தக் காசு குயவரின் சூளைக்குப் போகிறது. சூளை எரிந்தால் தொழில் நிலைக்கும். தொழில் நிலைத்தால் அந்த அறிவும் நிலைக்கும். வாங்குபவர் கையிலேதான் இதன் முடிவு இருக்கிறது.